650 என்று முடியும் மூன்று சொற்கள்: ஒரு சங்கேத விளம்பரத்தின் நிகழ்வு ஆய்வு

1853 டிசம்பரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில், மற்ற வரி விளம்பரங்களுக்கு நடுவே இப்படி ஒன்று வந்தது:

ஃப்ளோ. — 1821 82374 09 30 84541. 844532 18140650. 8 54584 2401 322650 526 08555 94400 021 12 30 84541 22 05114650. 726 85400 021.

ஒரு பெண்ணின் பெயர், அதற்குப் பிறகு 94 இலக்கங்கள். வேறு எதுவும் இல்லை. அனுப்பியவர் யார், எந்த ஊர், என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பத்திரிகைகளில் வரும் மர்ம விளம்பரங்களைப் பற்றிப் பேசுபவர்கள் நிறையப் பேர். அவற்றை அவிழ்த்துவிட்டதாகச் சொல்பவர்களும் நிறையப் பேர். ஆனால் விளம்பரத்தில் வரும் ஒரு குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று கண்டுபிடிப்பது வேறு, அந்த விளம்பரத்தைப் படித்து முடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பத்து பேர் பத்து விதமாக அவிழ்க்கிறார்கள், ஒருவர் விடை இன்னொருவருக்குப் பிடிபடுவதில்லை. ஃப்ளோ விளம்பரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் அவிழ்ப்பு என்றால் என்ன என்பதைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே கூடச் செய்து பார்க்கலாம்.

விளம்பரம் வந்த இடம்

டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தி வர ஆரம்பித்தது 1966 மே 3 அன்றுதான். அதுவரை முதல் பக்கம் முழுக்க விளம்பரம். அதில் இரண்டாவது பத்தி தனி உலகம். ஓடிப்போன மகனை வீட்டுக்குக் கூப்பிடும் பெற்றோர், கணவனைத் தேடும் மனைவி, பேச முடியாத காதலர்கள் எல்லாரும் அங்கேதான் பேசிக்கொண்டார்கள். அதனால் அதற்கு வேதனைப் பத்தி என்றே பெயர் வந்தது.

கடிதம் எழுதினால் போதாதா என்று தோன்றலாம். 1840-இலேயே ஒரு பென்னி தபால் வந்துவிட்டது. ஆனால் கடிதம் வீட்டு வாசலுக்கு வரும். அதை முதலில் கையில் வாங்குபவர் அப்பாவாகவும் இருக்கலாம். பத்திரிகை அப்படியில்லை. அது எப்படியும் வீட்டுக்கு வரும் பொருள். மகள் அதைப் புரட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஃப்ளோ விளம்பரம் வந்த 1853-இல்தான் பிரிட்டனில் விளம்பரங்களுக்கான வரியும் நீக்கப்பட்டது.

ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் ரகசியம் பேசுவதால் சங்கேதம் தேவைப்பட்டது. எழுதியவர்கள் யாரும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் அல்ல. தாங்களே வீட்டில் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார்கள். அந்த முறைகள் பெரும்பாலும் எளிதில் உடைந்தன.

உள்ளே நுழைதல்

முதலில் இடைவெளிகளைப் பாருங்கள். எழுதியவர் எண்களைச் சொல் சொல்லாகப் பிரித்திருக்கிறார், முற்றுப்புள்ளிகூட வைத்திருக்கிறார். ஒவ்வொரு சொல்லின் நீளமும் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. சங்கேதத்தில் இதைவிடப் பெரிய தாராளம் இருக்க முடியாது.

அடுத்தது, ஓர் எழுத்துக்கு எத்தனை இலக்கம்? இரண்டு இரண்டாக எடுத்தால் எல்லாச் சொற்களும் இரட்டைப்படை நீளத்தில் இருக்க வேண்டும். இங்கே மூன்று இலக்கச் சொல்லும் ஐந்து இலக்கச் சொல்லும் இருக்கின்றன. அப்படியானால் ஓர் எழுத்துக்கு ஓர் இலக்கம். ஆனால் ஆங்கிலத்தில் எழுத்துகள் 26, இலக்கங்களோ 10. ஆகவே ஒரே இலக்கம் இரண்டு மூன்று எழுத்துகளுக்கு வேலை செய்ய வேண்டும்.

இந்த ஒரு காரணத்தால் எல்லாரும் முதலில் கையில் எடுக்கும் முறை இங்கே செல்லாது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து ஈ. ஆகவே அதிகம் வரும் இலக்கம் ஈ என்று வைத்துத் தொடங்குவது வழக்கம். இந்த விளம்பரத்தில் அதிகம் வருவது 0, மொத்தம் 16 முறை. அதை ஈ என்று வைத்தால் ஒரு சொல்லும் தேறாது. பல எழுத்துகள் ஒரே இலக்கத்துக்குள் கலந்திருக்கும்போது எண்ணிக்கை நம்மைத் திசைதிருப்பும்.

சரி, வேறு வழி? சொற்களின் வாலைப் பாருங்கள். 18140650, 322650, 05114650. மூன்றும் 650 என்று முடிகின்றன. ஒரு சிறிய செய்தியில் மூன்று சொற்கள் ஒரே மூன்று எழுத்தில் முடிகின்றன, அவற்றில் இரண்டு எட்டெழுத்துச் சொற்கள் என்றால், ஆங்கிலம் படிப்பவருக்கு முதலில் நினைவு வர வேண்டியவை கிழமைகள். எல்லாக் கிழமையும் ‘டே’ (day) என்றுதான் முடியும்.

ஆங்கிலத்தில் எட்டெழுத்துக் கிழமைகள் இரண்டே இரண்டு: தர்ஸ்டே (Thursday), சாட்டர்டே (Saturday). ஆறெழுத்து: சண்டே, மண்டே, ஃப்ரைடே. நம்மிடம் எட்டு இலக்கத்தில் இரண்டு, ஆறு இலக்கத்தில் ஒன்று. பொருத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் பொருத்தமாக இருப்பது இன்னும் நிரூபணம் ஆகாது.

சாட்டர்டே என்பதன் இரண்டாவது எழுத்து ஏ. ‘டே’ என்ற வாலின் நடு எழுத்தும் அதே ஏ. ஆகவே சாட்டர்டே எதுவோ, அதன் இரண்டாவது இலக்கம் 650-இன் நடுவில் உள்ள 5 ஆக இருக்க வேண்டும். 18140650-இல் இரண்டாவது இலக்கம் 8. 05114650-இல் 5. அப்போது 05114650-தான் சனிக்கிழமை. இதிலிருந்து எஸ் 0, டி (T) 1, யு 1, ஆர் 4 என்று கிடைக்கிறது.

இப்போது உண்மையான சோதனை. தர்ஸ்டே என்ற சொல்லில் வாலுக்கு முன்னால் ஐந்து எழுத்துகள்: டி (T), எச், யு, ஆர், எஸ். இவற்றில் எச் தவிர மற்ற நான்கும் சாட்டர்டேயிலிருந்து நமக்கு ஏற்கெனவே தெரியும். அதன்படி அந்தச் சொல் 1, ஏதோ ஒன்று, 1, 4, 0, பிறகு 650 என்று இருக்க வேண்டும். விளம்பரத்தில் இருப்பது 18140650. நான்கும் தத்தம் இடத்தில் விழுகின்றன. ஒரு சொல்லை வைத்து எடுத்த திறவுகோல், அதை எடுக்கும்போது நாம் பார்க்காத இன்னொரு சொல்லைத் திறக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

மீதி வேகமாக நடக்கும். 322650 என்பது 0-வில் தொடங்கவில்லை, ஆகவே சண்டே இல்லை. இரண்டாவது இலக்கம் 4 இல்லை, ஆகவே ஃப்ரைடே இல்லை. மண்டே. எம் 3, ஓ, என் இரண்டும் 2. உடனே 30 ‘மை’ ஆகிறது, 021 ‘யூ’, 12 ‘டு’, 22 ‘ஆன்’, 526 ‘அண்ட்’. 84541-இல் ஓர் எழுத்துதான் பாக்கி, ‘ஹார்ட்’ என்று தெரிந்துவிடும். அதிலிருந்து ஈ-யும் 4 என்று கிடைக்கிறது. 08555 ‘ஷல்’, 94400 ‘ப்ரெஸ்’, 85400 ‘ப்ளெஸ்’. கடைசியில் 844532 ஓர் ஊர்ப்பெயர், பெர்லின்.

தமிழில் சொன்னால் செய்தி இது: “ஃப்ளோ, என் நெஞ்சின் குரலே! பெர்லின், வியாழன். வரும் திங்களன்று புறப்படுகிறேன். சனிக்கிழமை உன்னை என் நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். கடவுள் உனக்கு அருளட்டும்.”

ஒட்டாத இரண்டு இடங்கள்

இத்தோடு கைதட்டி முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டாத இடங்களை மறைத்துவிட்டு எழுதும் ஆய்வு ஆய்வே இல்லை.

ஐந்தாவது எழுத்துக்குழு வரைக்கும் ‘என் நெஞ்சின் குரலே’ என்று படிக்கிறோம். அதில் ‘ஆஃப்’ என்று வர வேண்டிய இடத்தில் 09 இருக்கிறது. நம் திறவுகோலில் ஓ என்பது 2. ஆகவே 29 என்று இருந்திருக்க வேண்டும். இன்னோர் இடம், ‘நான் புறப்படுகிறேன்’ என்பதில் ‘நான்’ என்பதற்கான ஐ. பெர்லின் என்ற சொல்லில் ஐ 3. இங்கே தனியாக நிற்கும்போது 8. அச்சுக் கோர்ப்பவருக்கு 3-உம் 8-உம் குழம்பியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். நியாயமான ஊகம்தான்.

ஆனால் ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை. அதே ஃப்ளோவுக்கு, அதே எண்முறையில் வந்த இன்னொரு விளம்பரம் இருக்கிறது. அது இதைவிட நீளம். தனிமையில் வாடுவதாகவும், ஒவ்வோர் இரவும் அவள் படத்தைப் பார்ப்பதாகவும், ஓர் இந்தியச் சால்வை அனுப்புவதாகவும், அது சுற்றியிருக்கும்போது தன் கைகள் சுற்றியிருப்பதாக அவள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதுகிறார். 522450 என்பது ‘லோன்லி’, 9371144 ‘பிக்சர்’, 326352 ‘இண்டியன்’. ஒவ்வோர் இலக்கமும் முதல் விளம்பரத்தின் திறவுகோலோடு ஒத்துப்போகிறது.

அதில் ‘ஆஃப்’ 29 என்றே இருக்கிறது. அப்படியானால் முதல் விளம்பரத்தின் 09 வெறும் பிழை. ஆனால் தனியாக நிற்கும் ‘நான்’ அங்கேயும் ஒவ்வொரு முறையும் 8. அப்போது அது அச்சுப்பிழை இல்லை. சொல்லுக்குள் வரும் ஐ-க்கு 3, தனியாக வரும் ‘நான்’ என்பதற்கு 8 என்று இவர்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விளம்பரத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிந்திருக்க முடியாது. எது பிழை, எது விதி என்பதை இரண்டாவது விளம்பரம் சொல்லிவிடுகிறது.

ஓர் இடத்தில் திறவுகோல் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2401 என்பது ‘நெக்ஸ்ட்’ என்று படிக்கப்படுகிறது. ஆனால் எஸ், எக்ஸ் இரண்டுக்கும் 0-தான், ஆகவே அது ‘நெஸ்ட்’, அதாவது கூடு என்றும் ஆகலாம். பின்னால் ‘திங்கள்’ வருவதால் ‘வரும் திங்கள்’ என்று முடிவு செய்கிறோம். 94 இலக்கங்களில் பொருளை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் இப்படிச் சிலதான், அவற்றிலும் தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், இந்தத் தீர்வை நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஃப்ளோவின் காதலர் நினைத்திருக்க மாட்டார், ஆனால் இந்தப் பத்தியைக் காலை உணவோடு அவிழ்த்துப் படிக்க அன்றைய இங்கிலாந்தின் கூர்மையான மூளைகள் காத்திருந்தன. கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜுக்கு இது பிடித்த பொழுதுபோக்கு. தந்திக் கருவியில் பேர்பெற்ற சார்லஸ் வீட்ஸ்டனும் அவர் நண்பர் லயன் பிளேஃபேரும் ஞாயிற்றுக்கிழமை நடையில் இதையே செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒருவர் லண்டனில் இருந்த தன் காதலியை ஓடிவந்துவிடச் சொல்லி எழுதியதை இவர்கள் படித்துவிட்டார்கள். வீட்ஸ்டன் அதே சங்கேதத்தில் அந்தப் பெண்ணுக்கு அறிவுரை கூறி ஒரு விளம்பரம் கொடுத்தார். பிறகு வந்த கடைசி விளம்பரம்: “அன்புள்ள சார்லி, இனி எழுதாதே. நம் சங்கேதம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.” இந்தக் கதையைப் பிளேஃபேரே தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். அறிவுரை நல்லதா கெட்டதா என்பதை விடுங்கள். படித்ததோடு நிற்காமல் அதே சங்கேதத்தில் எழுதவும் முடிந்தது, எழுதியது அந்தப் பெண்ணுக்குப் புரியவும் செய்தது. ஒரு தீர்வு சரி என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது.

திறவுகோல் வெளியே இருந்தால்

அதே காலத்தில், அதே டைம்ஸில் வந்த இன்னொரு தொடர் இவ்வளவு எளிதில் மசியவில்லை. வட துருவக் கடலில் காணாமல் போன ஜான் ஃப்ராங்க்ளினைத் தேடி, கேப்டன் ரிச்சர்ட் காலின்சன் 1850 ஜனவரியில் ‘என்டர்பிரைஸ்’ கப்பலில் கிளம்பினார். திரும்பியது 1855-இல். ஐந்து ஆண்டுகள் அவருக்குக் கடிதம் எந்தத் துறைமுகத்துக்கு அனுப்புவது என்றே தெரியாது. ஆனால் டைம்ஸ் உலகின் பெரிய துறைமுகங்கள் பலவற்றுக்குப் போகும். ஆகவே குடும்பம் பத்திரிகையிலேயே சங்கேத விளம்பரம் கொடுத்து வீட்டுச் செய்திகளைச் சொன்னது. எந்தத் துறைமுகத்தில் பழைய டைம்ஸ் கிடைத்தாலும் அவர் படித்துக்கொள்ளலாம்.

பார்வைக்கு இதுவும் ஃப்ளோ போலத்தான், இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகள், அவ்வளவுதான்: புள்ளி வைத்த தனி எழுத்துகள், உச்சரிக்க முடியாத சிறு எழுத்துக் கூட்டங்கள். ஆனால் உள்ளே வேறு. கப்பல்கள் கொடிகளால் பேசிக்கொள்ளத் தொகுத்த சைகை நூல் ஒன்று உண்டு. அதில் சொற்களுக்கும் வாக்கியங்களுக்கும் எண்கள் இருக்கும். குடும்பத்தார் அந்த எண்களை எடுத்து, இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தார்கள். இந்த வகையில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தும் சொற்களின் வாலைப் பார்த்தும் பயனில்லை. அந்த எழுத்துக் கூட்டங்களுக்குள் ஆங்கிலச் சொற்களே இல்லை, ஒரு புத்தகத்தின் வரிசை எண்கள்தான் இருக்கின்றன. எந்தப் புத்தகம் என்று தெரியாதவரை அது பூட்டு.

ஜான் ராப்சன் 1992-இல் வெளியிட்ட ஆய்வில்தான் இந்த முறை முழுதாக விளங்கியது. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த செய்தியில் இருந்தது, ‘போல்டனில் எல்லாரும் நலம்’ என்பது போன்ற வரிகள். போல்டன் அந்தக் குடும்பத்தினர் இருந்த ஊர். புதையல் இல்லை, சதி இல்லை, வீட்டுச் செய்திதான். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. பனிக்கடலில் வருடக்கணக்கில் இருக்கும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான செய்தி எது?

ராப்சனின் வழி கவனிக்க வேண்டியது. யார் எழுதியிருக்கக்கூடும், அவர் கையில் எந்தப் புத்தகம் இருந்திருக்கும் என்ற கேள்வி இங்கே முக்கியமாகிறது. கடற்படை அதிகாரி என்றால் சைகை நூல். இதுவும் வெளிக்குறிப்பைத் தேடும் வேலைதான். ஆனால் அந்தக் குறிப்பை வைத்து ஒரு விளம்பரம் மட்டும் அல்ல, தொடர் முழுவதும் படிக்கப்பட வேண்டும். அது நடந்தது.

அவிழ்ப்பு என்று சொல்லப்பட்ட ஒன்று

இப்போது எதிர்ப்பக்கம். ‘நியூ யார்க்கர்’ வார இதழின் 1941 நவம்பர் 22 தேதியிட்ட பிரதியில் ஒரு விளம்பரம். ‘எச்சரிக்கை’ என்று ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்று மொழியிலும் தலைப்பு. இரண்டு பகடைகள், அவற்றில் தெரியும் எண்கள் 0, 5, 7, 12, 24, பிறகு எக்ஸ் எக்ஸ். உள்பக்கத்தில் விமானத் தாக்குதல் பதுங்கிடத்தில் உட்கார்ந்து பகடை ஆடும் மனிதர்கள். பதுங்கிடத்துக்கு மெழுகுவத்தி, தண்ணீர், போர்வை எல்லாம் எடுத்துவைக்கும்போது ‘டெட்லி டபுள்’ என்ற இந்த விளையாட்டையும் எடுத்துவையுங்கள் என்கிறது விளம்பரம்.

15 நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது.

அதற்குப் பிறகு எண்கள் வேறு வெளிச்சத்தில் தெரியத் தொடங்கின. 12 மாதம், 7 தேதி. 5-உம் 0-வும் தாக்குதல் நேரம். ரோமன் இலக்கத்தில் எக்ஸ் எக்ஸ் என்றால் 20, அது இலக்கின் அட்சரேகை. 24-க்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ஜப்பானிய உளவாளிகளுக்கான எச்சரிக்கை இது என்ற கதை நெடுங்காலம் உலவியது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ விசாரித்தது. அப்படி ஒரு விளையாட்டு உண்மையிலேயே இருந்தது. விற்பனைக்கான விளம்பரம்தான் அது.

விசாரணையின் முடிவு நமக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். விளம்பரத்தை மட்டும் பார்த்தே இது தீர்வு அல்ல என்று சொல்ல முடியுமா? முடியும். அந்த ஆறு எண்களில் மாதமாக நிற்கக்கூடியவை 5, 7, 12. ஒவ்வொன்றோடும் தேதியாக நிற்கக்கூடியவை நான்கு. ஆக மொத்தம் 12 தேதிகள் அதில் இருக்கின்றன. இதழ் வெளியான பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் வருபவை மட்டும் டிசம்பர் 5, 7, 20, 24 என நான்கு. இவற்றில் எதில் பெரிய சம்பவம் நடந்திருந்தாலும் விளம்பரம் முன்கூட்டியே சொன்னதாகிவிடும். 24-ஆம் தேதி நடந்திருந்தால், இன்று விளக்கம் இல்லாமல் நிற்கும் 24 முக்கியத் துப்பாகியிருக்கும், 7 அனாதையாகியிருக்கும். தாக்குதல் உண்மையில் தொடங்கியது காலை 8 மணிக்குச் சற்று முன்பு. ஆகவே வேறொருவர் 7-ஐயும் 5-ஐயும் நேரமாக எடுத்துக்கொள்ளலாம், அவரையும் தடுக்க முடியாது. பேர்ல் ஹார்பரின் அட்சரேகையோ 21 பாகைக்கு மேல், 20 இல்லை.

இன்னொன்று, எனக்கு இதுவே தீர்மானமான வாதமாகப் படுகிறது. ஹவாயில் அது டிசம்பர் 7. ஜப்பான் நேரப்படி டிசம்பர் 8. ஜப்பானியக் கடற்படை டிசம்பர் 2 அன்று தன் கப்பல்களுக்கு அனுப்பிய உண்மையான சங்கேத உத்தரவு ‘நீட்டகா மலை ஏறுக, 1208’ என்பது. தேதி அதிலேயே இருக்கிறது: 12, 08. அந்தப் பகடைகளில் 8 என்ற எண்ணே தெரியவில்லை.

ஃப்ளோ விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 94 இலக்கத்துக்கும் ஒரே விதி. ஒட்டாத இடம் வந்தால் இன்னொரு விளம்பரம் தீர்த்துவைத்தது. இங்கே ஆறு எண்களுக்கு நான்கு விதிகள்: ஒன்று மாதம், ஒன்று தேதி, ஒன்று நேரம், ஒன்று இடம். ஒவ்வோர் எண்ணுக்கும் அது வந்த பிறகு விதி எழுதப்படுகிறது. அப்புறமும் ஒன்று மிஞ்சுகிறது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள் சங்கேதம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னவர்களின் கூற்றுகளை அமெரிக்கச் சங்கேத நிபுணர்களான வில்லியம் ஃப்ரீட்மன், எலிசபெத் ஃப்ரீட்மன் தம்பதி 1957-இல் அலசினார்கள். அவர்கள் கேட்டது இரண்டே கேள்விகள். கிடைக்கும் வாசகம் அந்த மொழியில் பொருளுள்ளதாக இருக்கிறதா? திறவுகோல் இடத்துக்கு இடம் வளையாமல், யார் பயன்படுத்தினாலும் அதே ஒரு விடையைத் தருகிறதா? முதல் கேள்வியில் பலர் தேறுவார்கள். இரண்டாவதில்தான் கிட்டத்தட்ட எல்லா அமெச்சூர் தீர்வுகளும் விழும்.

இன்னும் திறக்காதது

இந்த அளவுகோலோடு அரிசோனா விளம்பரங்களுக்கு வரலாம். டூசான் நகரில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையில் 1981 முதல், பெரும்பாலும் மே 1 அன்று, யாரோ பணம் கட்டி விசித்திரமான விளம்பரங்கள் வெளியிட்டு வந்தார்கள். மே தின மர்மம் என்றே அதற்குப் பெயர். கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் வருவார், பழைய போர்கள் வரும், கணிதச் சூத்திரங்கள் வரும், பல மொழித் துணுக்குகளும் படங்களும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் நாமும் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றவைக்கும் பக்கங்கள் அவை.

இதில் ஆர்வலர்கள் செய்திருக்கும் உழைப்பு பெரியது. இந்த வரி எந்த நூலிலிருந்து, இந்தத் தேதியில் என்ன நடந்தது, இந்தப் படம் யாருடையது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதை மதிக்கிறேன். ஆனால் அது உரை எழுதும் வேலை. அருஞ்சொற்பொருள் கொடுத்துவிட்டால் செய்யுள் விளங்கலாம். சங்கேதம் அப்படி விளங்காது. ஒரு விளம்பரத்தில் வரும் எல்லாக் குறிப்புகளையும் அடையாளம் கண்ட பிறகும், அது யாரிடம் என்ன சொல்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கலாம். இங்கே நின்றுகொண்டிருக்கிறது.

ஏன் இப்படி? குறிப்புகள் எவ்வளவு அரிதாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குத் தேடுபவருக்குச் சுதந்திரம் கூடுகிறது. லூதர் என்ற ஒரு பெயரிலிருந்து 1517-க்குப் போகலாம், விட்டன்பெர்க்குக்குப் போகலாம், 95 என்ற எண்ணுக்குப் போகலாம், ஒரு பாடலுக்குப் போகலாம். நான்கு பெயர்கள் இருந்தால் கிளைகள் பெருகி, எங்கே போக விரும்புகிறோமோ அங்கே போய்ச் சேரலாம். பகடையின் ஆறு எண்களிலேயே 12 தேதிகள் கிடைத்தன. முழுப்பக்க விளம்பரத்தில் எதுதான் கிடைக்காது?

என் கணிப்பில், இந்தத் தொடரை அணுக வேண்டியது குறிப்புகளின் வழியாக அல்ல, திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளின் வழியாக. ஃப்ளோவில் கதவைத் திறந்தது மூன்று சொற்களின் பொதுவான வால். அதே போல இங்கே ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் வருவது எது, ஒரே இடத்தில் வந்து எண் மட்டும் மாறுவது எது, ஓர் ஆண்டு வந்த துணுக்கு திருத்தத்தோடு மறுபடி வருகிறதா என்று வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தை அச்சில் வந்தபடியே, புள்ளி, இடைவெளி, எழுத்துப்பிழை உட்பட, பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பிழை என்று நினைத்து நாம் திருத்திவிடும் ஒன்று, அந்தத் தனி 8 போல, விதியாக இருக்கலாம். பெயர்களையும் படங்களையும் தேடுவது அதற்குப் பிறகு.

ஒரு தீர்வு கையில் கிடைத்ததாகத் தோன்றினால், அதை எடுக்கப் பயன்படுத்தாத ஒரு வருடத்தின் விளம்பரத்தை எடுத்து, அதே விதியை ஒன்றும் மாற்றாமல் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த விளம்பரமும் படிக்க வந்தால் அப்போது மற்றவர்களிடம் காட்டலாம். கூடவே ஒட்டாத இடங்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டும், அடுத்து வருபவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.